எந்த ஊர்ப் பாலம் இது?



"பழைய போட்டோவில் இருக்கிற இரும்புப் பாலம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு மாமா. இது எந்த ஊர்ப் பாலம், எந்தக் காலத்துப் படம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இப்படி ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால் முதலில் உங்கள் முதுகில் ஒரு தட்டு. சபாஷ்! பெரியவர்கள் பலருக்கு இந்தக் கேள்வியே வராது. படத்துக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறதோ அதைப் படிப்பார்கள். "ஓகோ" என்பார்கள். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நாம் அப்படிப் போகப் போவதில்லை. முதல் வேலையாக, படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். ஆமாம், நிஜமாகவே மூடுங்கள். எழுதியவர் ஊரை மாற்றி எழுதியிருக்கலாம். ஆண்டைத் தப்பாகப் போட்டிருக்கலாம்.

கொல்கத்தாவின் ஹவுரா பாலத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வானளாவிய இரும்புக் கோபுரங்கள் இரண்டு, நடுவில் தூணே இல்லாமல் ஹூக்ளி ஆற்றைத் தாண்டும் பாலம். அந்தப் படத்தைப் போட்டு, கீழே "ஹவுரா பாலம், 1910" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியா, தப்பா?

தப்பு! அந்தப் பாலத்தின் கட்டுமான வேலை தொடங்கியதே 1936-ல்தான். போக்குவரத்துக்குத் திறந்தது 1943 பிப்ரவரியில். அதற்கு முன்னால், 1874-லிருந்து, அங்கே இருந்தது ஒரு மிதவைப் பாலம். தண்ணீரில் மிதவைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் பாதை போட்டிருந்தார்கள். கப்பல் வந்தால் நடுவில் ஒரு பகுதியைக் கழற்றி நகர்த்தி வழிவிடுவார்கள். அதற்கும் ஹவுரா பாலம் என்றுதான் பெயர். ஆகவே 1910-ல் எடுத்த உண்மையான படத்தில் கோபுரமே இருக்காது. பாலம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும்.

இடமும் ஒன்று, பெயரும் ஒன்று. பாலங்கள் மட்டும் இரண்டு. இப்போது புரிகிறதா, ஏன் கையால் மூடச் சொன்னேன் என்று?

சரி, மூடியாகிவிட்டது. பாலத்தில் எதைப் பார்ப்பது?

முக்கோணங்களைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் தென்னந்துடைப்பம் இருக்கும். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு சில ஈர்க்குச்சிகள் உருவுங்கள். நாலைச் சமமாக நறுக்கி, மூலைகளை நூலால் கட்டிச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்துவிடும். இப்போது மூன்று குச்சியால் ஒரு முக்கோணம் கட்டித் தள்ளுங்கள். அசையாது.

ஏன்? சதுரத்தில் குச்சிகளின் நீளம் மாறாமலேயே மூலைகள் மடங்க முடியும். முக்கோணத்தில் ஒரு மூலை மடங்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு குச்சி நீள வேண்டும், இல்லை குறுக வேண்டும். குச்சி அவ்வளவு எளிதில் நீளாது, குறுகாது. அதனால் முக்கோணம் நிற்கிறது. சாய்ந்துபோன அந்தச் சதுரத்துக்கும் குறுக்கே ஒரு குச்சி கட்டிப் பாருங்கள். அதுவும் நிமிர்ந்து நின்றுவிடும்!

இரும்புப் பாலத்தின் இரு பக்கமும் நீங்கள் பார்க்கும் சட்டம் இந்த முக்கோணங்களின் வரிசைதான். ஆனால் அவற்றை அடுக்குவதில் பல விதம் உண்டு. அதுதான் நமக்குத் துப்பு.

ஒரு காகிதத்தில் வரையுங்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இடையில் மேலும் கீழுமாகச் சாய்கோடுகள் மட்டும், மலைத்தொடர் வரைவதுபோல. இதற்கு வாரன் சட்டம் என்று பெயர். ஜேம்ஸ் வாரன் என்ற ஆங்கிலேயர் 1848-ல் காப்புரிமை பெற்றது.

அடுத்ததில் செங்குத்துக் கம்பங்களும் உண்டு. இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு சாய்கோடு. பாலத்தின் இடது பாதியில் சாய்கோடுகள் நடுவை நோக்கி இறங்கும். வலது பாதியிலும் நடுவை நோக்கியே இறங்கும். இது பிராட் சட்டம். அமெரிக்காவில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து 1844-ல் கொண்டுவந்தது.

இன்னொன்று, பெருக்கல் குறிகளை நெருக்கமாகப் போட்டு நிரப்பியது. தூரத்திலிருந்து பார்த்தால் பின்னல் தட்டி மாதிரி தெரியும். பழைய ரயில் பாலங்களில் இது நிறைய.

உங்கள் கையில் இருக்கும் படத்தில் எது? மூன்றில் ஒன்று என்று சொல்ல முடிந்தாலே பாதி ஊர்களை ஒதுக்கிவிடலாம்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போவோமா? பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாலத்தில் சில சட்டங்கள் மெல்லிய பட்டையாக இருக்கும். சில பெட்டி மாதிரி பருமனாக இருக்கும். பாலம் கட்டியவர் இரும்பை மிச்சம் பிடித்தாரா? இல்லை, இல்லை.

உங்கள் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ஒன்றும் ஆகாது. இப்போது இரண்டு முனையையும் உள்நோக்கி அழுத்துங்கள். நடுவில் புடைத்து வளைகிறது, பார்த்தீர்களா? இழுவிசையைத் தாங்க மெல்லிய பட்டை போதும். அழுத்துவிசையைத் தாங்க, வளையாமல் இருக்க, பருமன் வேண்டும். ஆக, மெல்லியது இழுபடுகிறது, பருமனானது அழுத்தப்படுகிறது. பிராட் சட்டத்தில் சாய்கோடுகள் மெலிந்தும் கம்பங்கள் தடித்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். எங்கோ, எப்போதோ ஓடிய ரயிலின் எடை எந்த வழியாகத் தூணுக்கு இறங்கியது என்று ஒரு பழைய படத்தைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம்!

"இரும்பு இரும்புதானே, அதிலுமா வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். உண்டு. பெரிய வித்தியாசம்.

வகுப்பில் இருக்கும் சாக்பீஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் எளிதில் உடையாது. இரு விரலால் பிடித்து வளைத்தால் 'டக்'. வார்ப்பிரும்பும் இந்த சாக்பீஸ் மாதிரிதான். அழுத்தினால் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ சட்டென்று முறியும். உருக்கி அச்சில் ஊற்றிச் செய்யும் அந்த இரும்புக்குள் நிறையக் கரி இருக்கிறது. அதுதான் அந்த முறுகல் குணத்துக்குக் காரணம்.

உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் வார்ப்பிரும்பில்தான் கட்டப்பட்டது. இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றின் மேல், 1779-ல் நிறுத்தினார்கள். சுமார் 30 மீட்டர் அகலத்தை ஒரே தாவில் தாண்டும் அரைவட்டம். ஏன் அரைவட்டம்? வளைவாகக் கட்டினால் எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டுதான் நிற்கும். இழுபடும் வேலை பெரிதாக இல்லை. கெட்டிக்காரர்கள்! ஆனால் இரும்பை எப்படி இணைப்பது என்பதற்கு அவர்களுக்கு முன்மாதிரியே கிடையாது. அதனால் தச்சர்கள் மரத்தை இணைப்பதுபோலத் துளையும் முளையும் வைத்தே பாலம் முழுவதையும் கோத்துவிட்டார்கள்.

அதை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது இருநூறு ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. அப்போது கேமராவும் கிடையாதே. 1997-ல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் ஒரு சின்ன நீர்வண்ண ஓவியம் அகப்பட்டது. எலியாஸ் மார்ட்டின் என்ற ஓவியர், பாலம் பாதி நின்றுகொண்டிருந்தபோது கரையில் இருந்து வரைந்தது. ஆற்றின் நடுவே மரச் சாரம் கட்டித் தூக்கியிருக்கிறார்கள் என்பது அந்த ஓவியத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பழைய படத்துக்கு எவ்வளவு மதிப்பு, பாருங்கள்.

பிறகு தேனிரும்பு வந்தது. இதில் கரி மிகக் குறைவு. இழுத்தாலும் தாங்கும். 1850-க்குப் பிறகு கட்டிய ரயில் பாலங்களின் முக்கோணச் சட்டங்கள் பெரும்பாலும் இதில்தான். ஆங்கிலேயர் ஹென்றி பெசிமர் 1856-ல் எஃகை மலிவாகச் செய்ய ஒரு வழி கண்டார். 1890-ல் ஸ்காட்லாந்தில் ஃபோர்த் பாலத்தை எஃகால் கட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் எஃகுதான்.

புகைப்படத்தைப் பார்த்துத் தேனிரும்பையும் எஃகையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதை விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பை மட்டும் பிடித்துவிடலாம். உருண்டையான தூண்கள், வட்டங்கள், பூவேலை, அழகான வளைவுகள் தெரிந்தால் வார்ப்பிரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சில் ஊற்றுவதால் எந்த வடிவமும் சாத்தியம்.

இந்தச் சாக்பீஸ் குணம் ஒருமுறை பெரிய துயரத்தில் முடிந்தது. ஸ்காட்லாந்தில் டே என்ற ஆற்றின் முகத்துவாரத்தில் மிக நீளமான ஒரு ரயில் பாலம் 1878-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 28 இரவு, கடும் புயல். ரயில் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போதே நடுப்பகுதி முழுவதும் சரிந்து ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணைக்காக, உடைந்த தூண்களை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கச் சொன்னார்கள். டண்டீ நகரத்துப் புகைப்பட நிறுவனம் ஒன்று கண்ணாடித் தகடுகளில் எடுத்தது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்துப் பொறியியல் அறிஞர்கள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தூண்கள் வார்ப்பிரும்பு. தூண்களை இழுத்துப் பிடிக்கும் பட்டைகள் தேனிரும்பு. பட்டையைத் தூணோடு மாட்ட, தூணிலேயே காதுபோல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் வார்ப்பிரும்பு. புயல் இழுத்த இழுப்பில் அந்தக் காதுகள்தான் முறிந்திருந்தன. இழுவிசைக்கு ஆகாத பொருளை இழுபடும் இடத்தில் வைத்துவிட்டார்கள். கட்டிய குறை, பராமரிக்காத குறை, காற்றின் வேகத்தைக் கணக்கில் சேர்க்காத குறை எல்லாமும் சேர்ந்துகொண்டது.

இந்த டே பாலத்தின் படம் எங்கேயாவது கிடைத்தால் நீங்கள் ஒரு நொடியில் காலத்தைச் சொல்லிவிடலாம். இப்போதுள்ள பாலம் 1887-ல் திறந்தது, இரட்டைத் தண்டவாளம். அதன் பக்கத்திலேயே தண்ணீருக்கு மேல் வரிசையாகக் குட்டைக் குட்டையாகப் பழைய தூண்களின் அடிக்கட்டைகள் நிற்கும். அவை தெரிந்தால் விபத்துக்குப் பிந்தைய படம்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விழாமல் தப்பிய, கர்டர் எனப்படும் பழைய இரும்பு உத்திரங்களைத் தூக்கி வந்து புதிய பாலத்திலும் பொருத்திக்கொண்டார்கள். அதாவது பாலத்துக்கு வயது குறைவு, அதன் இரும்புக்கு வயது அதிகம்! பழைய பாலங்களின் முகப்பில் செய்தவர் பெயரும் ஆண்டும் பொறித்த ஒரு தகடு இருக்கும். படத்தில் அது தெரிந்தால் நல்லதுதான். ஆனால் அது இரும்பு செய்த ஆண்டு. பாலம் அந்த ஆற்றின் மேல் ஏறிய ஆண்டு வேறாக இருக்கலாம்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் ஸ்கேல் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். அவசரமே இல்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். பாம்பன்!

ராமேஸ்வரம் தீவையும் மண்டபத்தையும் இணைத்த பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. 2 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிக நீளம். 140-க்கும் மேற்பட்ட கண்கள். இரண்டு தூணுக்கு இடைப்பட்ட வெளியைத்தான் 'கண்' என்போம், தெரியும்தானே? மேட்டூரில் 16 கண் பாலம் என்கிறோமே, அதே கண்.

அந்தப் பழைய பாலத்தில் ஒரு கண் மட்டும் மற்றதைப்போல இல்லை. கப்பல் போக வேண்டும் என்பதற்காக அது நடுவில் பிளந்து, இரண்டு பாதியாக மேலே எழுந்தது. அமெரிக்காவின் ஷெர்சர் என்ற பொறியாளரின் ஏற்பாடு. கீல் வைத்துத் திறப்பதல்ல. ஒவ்வொரு பாதியின் அடியும் கால்வட்டமாக வளைந்திருக்கும். அந்த வளைவு தண்டவாளம் போன்ற ஒரு பட்டையின் மேல் உருண்டு பின்னால் போகும்போது, முன்பக்கம் தானாக மேலே ஏறும். பின்னால் எதிர் எடை கட்டியிருப்பதால் தூக்கச் சுலபம். நெடுங்காலம் அதை ஆட்கள் நெம்புகோலைத் தள்ளிச் சுற்றியே திறந்தார்கள்.

படத்தில் இந்தப் பிளவுபட்ட கண் தெரிந்தால் ஊர் பாம்பன். சரி, காலம்?

பக்கத்தில் சாலைப் பாலம் தெரிகிறதா? உயரமான, நடுவில் மேடாகிப் போகும் கான்கிரீட் பாலம். அது திறந்தது 1988-ல். தெரிந்தால், 1988-க்குப் பிந்தைய படம். கட்டுமானம் பல ஆண்டுகள் நடந்ததால், வெறும் தூண்கள் மட்டும் நின்றால் அதற்குக் கொஞ்சம் முந்தையது.

சாலைப் பாலம் தெரியவில்லையா? அப்படியானால் 1988-க்கு முந்தையது என்று எழுதிவிடலாமா?

நில்லுங்கள்! கேமரா எங்கே நின்றது?

படத்தை மறுபடி பாருங்கள். ரயில் பாலம் கீழே தெரிகிறதா? ரயில் பெட்டிகளின் கூரையே தெரிகிறதா? கடல் நடுவில் அவ்வளவு உயரத்தில் புகைப்படக்காரர் எப்படி நின்றார்? சாலைப் பாலத்தின் மேல் நின்றுதான்! ஆகாய விமானத்தில் போய் எடுத்திருந்தால் ஒழிய, அந்தக் கோணத்துக்கு வேறு வழி இல்லை. சாலைப் பாலம் படத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம், அது அவருடைய காலுக்குக் கீழே இருந்ததுதான். ஆக அந்தப் படம் 1988-க்குப் பிந்தையது. இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டால் பெரிய பெரிய நிபுணர்களோடு நீங்கள் சரிசமமாக வாதாடலாம்.

அடுத்த துப்பு, தண்டவாளம். பாம்பன் பாலம் 2007-ல் தான் அகலப் பாதையானது. அதுவரை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1 மீட்டர். அகலப் பாதையில் 1.676 மீட்டர். படத்தில் அளவுகோல் இல்லையே, எப்படி அளப்பது? ரயிலை நேர் எதிரிலிருந்து எடுத்த படமாக இருந்தால், பெட்டியின் அகலத்தைத் தண்டவாள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். மீட்டர் கேஜில் பெட்டி இடைவெளியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் துருத்திக்கொண்டு நிற்கும். அகலப் பாதையில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் பாலத்தின் கர்டர்களில் 126-ஐக் கடலில் தள்ளியது. தூக்குப் பாலம் விழாமல் நின்றது. கர்டர்களைக் கடலிலிருந்து தேடியெடுத்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவர்தான். வெறும் தூண்கள் வரிசையாக நிற்க, நடுவில் தூக்குப் பாலம் விழாமல் இருக்கும் படம் கிடைத்தால் அது அந்தச் சில வாரங்களுக்குள் எடுத்தது. பத்திரப்படுத்துங்கள்.

பிளவு இல்லாமல், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு கண் அப்படியே நேராக மேலே ஏறினால் அது புதுப் பாலம். 2025 ஏப்ரலில் திறந்தது. அதைப் பழைய படம் என்று யாராவது கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினால் ஏமாறாதீர்கள்!

மற்ற ஊர்களுக்கும் இதே முறைதான். சென்னையில் கூவம் கடலில் சேரும் இடத்தில் நேப்பியர் பாலம் இருக்கிறது. 1869-ல் அது இரும்புப் பாலம். நாம் இன்று பார்க்கும் வளைவுகள் 1940-ஐ ஒட்டி வந்த கான்கிரீட். வளைவு என்றால் இரும்பாகவும் இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் மேல் 1892-ல் கட்டிய எல்லிஸ் பாலத்தில் இரும்பு வளைவுகள். எப்படிப் பிரிப்பது? வளைவுக்குள் வானம் தெரிகிறதா என்று பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் ஓடி, இடையில் வானம் தெரிந்தால் இரும்பு. வழுவழுவென்று கெட்டியாக இருந்தால் கான்கிரீட்.

இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடிப் பாலம், 1924-ல் திறந்தது. அந்த வாவிதான் மீன் பாடும் என்று புகழ்பெற்றது. 2013-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. ஒன்று தெரிந்தால் ஒரு காலம், இரண்டு தெரிந்தால் இன்னொரு காலம். கேமரா நின்ற இடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வேலை உண்டு. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928-ல் கட்டியது. 2016-ல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்தன. உங்கள் வீட்டில் அதன் பழைய படம் இருந்தால் சட்டங்களை விட்டுவிட்டு, தூணின் அடியைப் பாருங்கள்.

நம் மணல் ஆறுகளில் தூணுக்கு அடியில் ஒரு கிணறு இருக்கும். தண்ணீர் எடுக்கும் கிணறு அல்ல. மணலின் மேல் வட்டமாகச் சுவர் கட்டி, உள்ளிருந்து மணலை அள்ளி அள்ளி வெளியே போடுவார்கள். சுவர் தன் எடையால் மெல்லக் கீழே இறங்கும். மேலே இன்னும் சுவர் கட்டுவார்கள். மறுபடி அள்ளுவார்கள். கெட்டியான தரை வரை இறங்கியதும் உள்ளே நிரப்பி, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். பழைய படத்தில் இந்தக் கிணறு மணலுக்குள் மறைந்திருக்கும். பின்னால் எடுத்த படத்தில் அது வெளியே தெரிந்தால், ஆற்றின் மணல் மட்டம் இறங்கியிருக்கிறது என்று பொருள். எத்தனை அடி இறங்கியது? தூணின் கல் வரிசைகளை எண்ணி நீங்களே கணக்குப் போடலாம். ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தர முடியாது.

சட்டங்களின் மூட்டுகளில் வரிசையாகக் குமிழ்கள் தெரிகின்றனவே, அவை ரிவெட்டுகள். இரும்பு ஆணியைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, துளையில் நுழைத்து, மறுமுனையைச் சம்மட்டியால் அடித்துக் குமிழாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் விரிந்தது குளிரில் சுருங்கும் என்று படித்தீர்களே, அதேதான். ஹவுரா பாலம் முழுக்க இப்படித்தான். ஆனால் ரிவெட்டை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். நம் ரயில்வே அதை ரொம்ப காலம் விடவில்லை.

இரண்டு பொறிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

பழைய படங்கள் கண்ணாடித் தகட்டிலிருந்து அச்சானவை. தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். பாலம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதில் தெரியாது. கடைப் பலகை, ரயில் எஞ்சினின் எண், பின்னால் தெரியும் மலை இவற்றைப் பாருங்கள். எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் ஒரு முகக்கண்ணாடி முன்னால் படத்தைக் காட்டுங்கள். சரியாகிவிடும்.

இரண்டாவது, தபால் அட்டைப் படங்கள். பின்னால் தபால் முத்திரையில் 1912 என்று இருக்கும். அது அட்டையை அனுப்பிய ஆண்டு. ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட அச்சடித்து விற்றிருப்பார்கள். ஆகவே படம் 1912-லோ, அதற்கு முன்போ எடுத்தது என்று மட்டுமே சொல்லலாம்.

எல்லாம் பார்த்த பிறகு கையை எடுத்துவிட்டுக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததும் அதுவும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் அதைவிடச் சந்தோஷம், வேலை இனிமேல்தான் இருக்கிறது! கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கண்களை எண்ணுங்கள். அந்த ஊரில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

ஒரு கண்டிப்பு. பாலத்தைப் பார்க்கப் போனால் பெரியவர் ஒருவரோடு போங்கள், கரையில் நின்று பாருங்கள். ரயில் பாலத்தின் மேல் ஏறவே கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆல்பத்தை எடுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா யார் பக்கத்தில் இருந்தாலும் உட்காரவைத்துக் கேளுங்கள். கிடைக்கும் விவரத்தைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை நாளாக ஆக முன்பக்கம் ஊறும். ஆற்றின் பெயர், எந்தக் கரையிலிருந்து எடுத்தது, யார் சொன்னது, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.